உபகாரச் சம்பளமும் எல்லை கடந்த கல்வியும்

இன்று சிறு பிள்ளைகளும் ‘ஸ்காலர்ஷிப்’ என்று சொல்லும் பொருளுக்கு நம் தந்தையர் வழங்கிய பெயர் ‘உபகாரச் சம்பளம்’ என்பதாகும். அச்சொல்லை இப்போது கேட்பது அரிது. எண்ணிப் பார்த்தால் அது பொருள் நிறைந்த சொல். உபகாரம் என்பது கொடுப்போரின் ஈகையைக் குறிக்கிறது. சம்பளம் என்பது பெறுவோரின் உழைப்பைக் குறிக்கிறது. முற்றிலும் தானமாகவும் ஆகாமல், முற்றிலும் கூலியாகவும் ஆகாமல், இரண்டிற்கும் நடுவே கண்ணியமானதோர் இடத்தில் அது நிற்கின்றது. பின்னர் ‘உதவித்தொகை’ என்னும் சொல் வந்தது. உதவி நிலைத்தது, சம்பளம் மறைந்தது. சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் மக்கள் மனத்திலும் நேர்ந்துவிட்டதோ என்னும் ஐயம் சென்ற ஆண்டு நமக்கு எழுந்தது.

கோவை உக்கடத்தை அடுத்த பகுதியில் வாழும் மாணவர் ஒருவர், அஸர் தொழுகைக்குப் பின் நம்மை நாடி வந்தார். வடநாட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைத்திருந்தது. சேர்க்கைக் கட்டணம் கட்டப் பத்து நாட்களே இருந்தன. விடுதிச் செலவு, உணவுச் செலவு, போக்குவரத்துச் செலவு எல்லாம் சேர்த்துக் கணக்கிட்ட தாளொன்றை நம்மிடம் நீட்டினார். ஜமாஅத்தாருக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. எழுதத் தொடங்கிய நம்மைத் தயக்கத்துடன் தடுத்து, “ஹஜ்ரத், அத்தாவுக்குத் தெரிய வேண்டாம். ஊர்ப் பணத்தில் படித்தவன் என்ற பேர் வந்தால், நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது என்று சொல்கிறார்” என்றார்.

அந்தத் தந்தையை நாம் குறை கூறமாட்டோம். சிறியதொரு பழைய இரும்புக் கடையில் நாள் முழுதும் நின்று, எவரிடமும் கைநீட்டாமல் குடும்பத்தைக் காத்து வந்தவர் அவர். எனினும் அவருடைய அச்சம் வரலாற்றோடு பொருந்துவதா என்று பார்க்க வேண்டியது கல்வித்துறையில் உள்ள நம் போன்றோரின் கடமை. அக்கடமையின் பொருட்டே இக்கட்டுரை எழுந்தது.

முன்னோர் சென்ற வழி

கல்விக்காகச் சீனம் வரையிலும் செல்லுமாறு கூறுவதாக மேடைகளில் எடுத்துரைக்கப்படும் செய்தியை, ஹதீஸ் கலை வல்லுநர்கள் பலவீனமானதெனக் கணித்துள்ளனர். ஆனால் அறிவுக்காக ஊர் கடந்து சென்றதற்குச் சான்றாக அந்த ஒரு செய்தியை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. நபித்தோழர் ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் ஒரே ஒரு நபிமொழியை நேரிற் கேட்டறிவதற்காக ஒட்டகம் ஒன்றை விலைக்கு வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் நாட்டை அடைந்தார்கள். ஒட்டகம் வாங்கப் பொருள் வேண்டும் என்பதை இங்கே நாம் கவனிக்க வேண்டும். ஊர் கடந்த கல்வி அன்றும் செலவில்லாமல் நடந்ததன்று.

பொருள் இல்லாதவர் என் செய்தனர்? கூஃபா நகரில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாட அவையில் ஏழை இளைஞர் ஒருவர் அமர்ந்திருந்தார். வீட்டின் வறுமை காரணமாக அவருடைய தந்தையார் அவரைப் படிப்பிலிருந்து நிறுத்தித் தொழிலுக்கு அழைத்துச் சென்றார். சில நாட்கள் மாணவரைக் காணாத இமாம் அவர்கள் காரணத்தைக் கேட்டறிந்து, 100 திர்ஹம் கொண்ட பை ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். தீர்ந்தால் தெரிவிக்குமாறும் கூறினார்கள். ஆனால் தீர்ந்தது என்று அவர் வாய்திறந்து சொல்லும் நிலை ஒருநாளும் வரவில்லை. தீரும் வேளையறிந்து அடுத்த பை வந்துகொண்டிருந்தது என வரலாற்று நூலோர் எழுதுகின்றனர். அம்மாணவரே பிற்காலத்தில் ஹாரூன் அல் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாய் விளங்கிய இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) ஆவார். கொடுத்தவர் துணி வணிகர். கொடுக்கப்பட்டது வணிகத்தின் வருவாய். வாங்கியவரைக் கேட்க வைக்காமல் கொடுத்ததே அந்த உபகாரத்தின் உயிர்நாடி.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் கதை இதனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது. கி.பி. 1058இல் தூஸ் நகரில் பிறந்த அவர்களின் தந்தையார் கம்பளி நூற்று விற்பவர். இறக்கும் தறுவாயில் தம் இரு புதல்வரையும், சேர்த்து வைத்த சிறு தொகையையும் ஸூஃபி நண்பர் ஒருவரிடம் ஒப்படைத்தார். தொகை தீர்ந்தது. நண்பரும் ஏழை. இனி நீங்கள் மதரஸா ஒன்றில் மாணவராய்ச் சேர்வதே வழி, அங்கே உங்களுக்கு உணவு கிடைக்கும் என்று அவர் பிள்ளைகளிடம் உண்மையை உரைத்தார். ஆக, இஸ்லாமிய உலகின் மாபெரும் சிந்தனையாளர் ஒருவர் கல்விச்சாலைக்குள் காலடி வைத்ததற்கு உடனடிக் காரணம் மாணவர்க்கு அளிக்கப்பட்ட உணவும் உதவியுமேயாம். இதனைக் கஸ்ஸாலி அவர்கள் மறைத்ததில்லை. தாமே பிறருக்குச் சொன்னார்கள்.

ஸல்ஜூக்கிய அமைச்சர் நிஜாமுல் முல்க் பக்தாதில் 1067இல் திறந்த நிஜாமிய்யா மதரஸா இம்முறைக்கு நிலையான வடிவம் தந்தது. கட்டடத்தோடு நில்லாமல், அதன் செலவுக்கென வக்ஃபுச் சொத்துகளையும் அவர் ஏற்படுத்தினார். ஆசிரியர்க்கு ஊதியம், மாணவர்க்கு உறைவிடமும் படியும் அவற்றின் வருவாயிலிருந்து வந்தன. அன்று உணவுக்காக மதரஸாவில் சேர்ந்த கஸ்ஸாலி அவர்கள் 1091இல் அதே நிஜாமிய்யாவின் பேராசிரியராக அமர்ந்தார்கள்.

கெய்ரோவின் அல் அஸ்ஹரில் அயலூர் மாணவர்க்கென ‘ரிவாக்’ எனப்படும் தனித்தனி உறைவிடப் பகுதிகள் இருந்தன. மக்ரிபியர்க்கு ஒன்று, துருக்கியர்க்கு ஒன்று, ஷாம் நாட்டார்க்கு ஒன்று, ஜாவா மாணவர்க்கு ஒன்று என்று அவை பல. ஒவ்வொன்றிற்கும் உரிய வக்ஃபிலிருந்து நாள்தோறும் ரொட்டி வழங்கப்பட்டது. இன்று நாம் ‘வெளிமாநில மாணவர் விடுதி’ என்று சொல்வதன் முன்னோடி அது.

ஈரோட்டில் பிறந்த மேதை

கொங்கு நாட்டிற்கு வருவோம். கணித மேதை இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் தம் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடையில் கணக்கெழுதுபவர். 1904இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்த இராமானுஜன், கணிதம் தவிர்ந்த பாடங்களைப் புறக்கணித்தமையால் அச்சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் தேறவில்லை. பட்டம் இல்லை, வேலை இல்லை, கையில் கணக்கு நோட்டுகள் மட்டும் இருந்தன.

அப்போது நெல்லூர்க் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்து அவரைத் தாங்கினார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் அளித்தது. அடுத்த ஆண்டு, கேம்பிரிட்ஜ் செல்வதற்காக ஆண்டுக்கு 250 பவுனும் பயணச் செலவும் வழங்கிற்று. 1914 மார்ச் 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

இவ்வரலாற்றில் பலரும் விரைந்து கடந்துவிடும் செய்திகள் இரண்டு உண்டு. முதலாவது: அந்த 250 பவுனிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்திலிருந்த குடும்பத்திற்குச் சேர ஏற்பாடு செய்துவிட்டே இராமானுஜன் கப்பலேறினார். ஏழை வீட்டுப் பிள்ளை வெளியூர் செல்கையில் செலவு ஒன்று கூடுவது மட்டுமன்று. வரவு ஒன்றும் குறைகின்றது. கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு உதவுவோர் இவ்விரண்டாவது கணக்கை மறந்துவிடுகின்றனர். எத்தனையோ மாணவர் இடம் கிடைத்தும் போகாமல் நின்றுவிடுவது இதனாலேதான்.

இரண்டாவது: 1919 ஜனவரியில், நோயுற்று இங்கிலாந்தில் மருத்துவமனையில் இருந்தபோது அவர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு வழங்கப்படவிருக்கும் தொகை தம் தேவைக்கு மிகையானது. பெற்றோர்க்கு ஆண்டிற்கு 50 பவுன் கொடுத்தபின் எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்திற்கும் நூல்களுக்கும் செலவிடலாம் என்பது அதன் கருத்து. கட்டணமின்றித் தவித்த ஒருவர், தம் உபகாரச் சம்பளத்தையே பிறருக்கு உபகாரமாய் மாற்றினார். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். இவரைப் ‘பிறர் பணத்தில் படித்தவர்’ என்று எவரேனும் இழித்துரைத்தது உண்டா?

கோடு விழுந்த நாள்

‘வெளிமாநிலம்’ என்னும் சொல்லே கோவைக்குப் புதியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாலக்காட்டை அடைந்துவிடலாம். அங்குள்ள விக்டோரியா கல்லூரி அக்காலத்தில் சென்னை மாகாணத்துக் கல்லூரியே. மலபார் அம்மாகாணத்தின் ஒரு மாவட்டமாயிருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது வாளையாற்றில் ஒரு கோடு விழுந்தது. முதல்நாள் வரை பக்கத்து ஊராயிருந்தது மறுநாள் வெளிமாநிலமாயிற்று. கணவாயில் காற்றுக்குத் தடையில்லை. மாநில அரசின் உதவித் திட்டங்களுக்கோ பெரும்பாலும் அந்தக் கோடே எல்லையாயிற்று.

அதே வேளையில் கோவை தன் பங்கைச் செய்யத் தவறவில்லை. பி. எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் தம் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்திற்கென ஒதுக்கிய செய்தி கொங்கு நாடு அறிந்தது. 1926இல் உருவான அந்த அறக்கட்டளையிலிருந்து எழுந்த கல்வி நிலையங்களில் மொழி, மத வேறுபாடின்றி எண்ணற்றோர் பயின்றனர். மலையாள நாட்டிலிருந்து கணவாய் கடந்து கோவைக்கு வந்து படிப்போர் இன்றும் பலர். வாங்குவதும் கொடுப்பதும் ஆகிய இரண்டும் இவ்வூருக்குப் பழகியவையே.

சமுதாயம் எடுத்த முயற்சிகள்

ஸர் ஸையித் அஹ்மத் கான் 1875இல் அலிகரில் தொடங்கிய கல்விச்சாலை, தொலைதூர மாணவர் தங்கிப் படிப்பதையே அடிப்படையாய்க் கொண்டது. ஏழை மாணவர் அங்கு வர இயலவில்லை என்பதைக் கண்டு, 1890 வாக்கில் அக்கல்லூரி மாணவர்களே ‘அஞ்சுமனுல் ஃபர்ழ்’, அதாவது கடமைச் சங்கம், என்னும் அமைப்பை நிறுவினர். விடுமுறையில் ஊர் ஊராய்ச் சென்று நிதி திரட்டித் தம் ஏழைத் தோழர்களைப் படிக்க வைத்தனர். தர்மச் சங்கம் என்று பெயரிடாமல் கடமைச் சங்கம் என்று பெயரிட்டதை நாம் கவனிக்க வேண்டும்.

தமிழகத்தில் தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இல் உருவாயிற்று. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இலும், சென்னை புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் 1951இலும் எழுந்தன. கோழிக்கோட்டை அடுத்த ஃபாரூக் கல்லூரி 1948இல் தோன்றியது. அதனை நிறுவிய மௌலானா அபுஸ்ஸபாஹ் அஹ்மத் அலி அவர்கள் அல் அஸ்ஹரில் பயின்றவர். கல்வியை நாடி ஊர் கடந்து சென்ற ஒருவர் திரும்பி வந்து ஆயிரமாயிரம் பேர் வாசலுக்குக் கல்வியைக் கொண்டு சேர்த்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாய்ச் சொல்ல வேண்டும். மதரஸாவில் ஓதிய நாம் அனைவரும் உபகாரச் சம்பளம் பெற்றவர்களே. உணவும் உறைவிடமும் கிதாபுகளும் நமக்கு இலவசம். அறுவடைக் காலத்தில் ஊர்கள் தோறும் சென்று திரட்டிய அரிசியைத்தான் நாம் ஏழாண்டுகள் உண்டோம். வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தில் மலபாரிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கடல் கடந்த கீழை நாடுகளிலிருந்தும் வந்து ஓதியோர் பலர். அவர்களைத் தமிழ் முஸ்லிம்களே உண்பித்தனர். ஓதும் பிள்ளைக்குக் கொடுப்பதை எந்த ஊரும் பிச்சையென்று எண்ணியதில்லை. அவ்வாறிருக்க, பொறியியலோ மருத்துவமோ சட்டமோ பயிலச் செல்லும் பிள்ளைக்கு மட்டும் அது எப்படி இழிவாகும்?

அரசு தந்தவை

அண்ணல் அம்பேத்கர் 1913இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றது பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவ் அளித்த உபகாரச் சம்பளத்தால். மாதம் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக் காலம். அவர் வைசிராயின் நிர்வாக சபை உறுப்பினராயிருந்த 1944ஆம் ஆண்டில்தான் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கான மத்திய அரசின் உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கிற்று.

முஸ்லிம்களின் கல்வி நிலையை ஆராய்ந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006இல் அறிக்கை தந்தது. அதனையொட்டி 2007இல் சிறுபான்மையினர்க்கான உதவித்தொகைத் திட்டங்கள் பிறந்தன. தொழிற்படிப்பு மாணவர்க்கான திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு மிகாதோர்க்குக் கல்விக் கட்டணமாக 20,000 ரூபாய் வரையும், விடுதியில் தங்குவோர்க்குப் பராமரிப்பாக 10,000 ரூபாயும் ஆண்டுதோறும் அளிக்க வகை செய்யப்பட்டது. பட்டியலிட்ட உயர் நிறுவனங்களில் சேர்ந்தோர்க்கு முழுக் கட்டணமும் அன்று அளிக்கப்பட்டது. ஆராய்ச்சி மாணவர்க்கு மௌலானா ஆசாத் பெயரால் 2009இல் ஏற்பட்ட உதவித்தொகையோ 2022–23 முதல் நிறுத்தப்பட்டது. அரசு தருவதை உரிமையுடன் பெற வேண்டும்; ஆயினும் அரசாணையால் பிறப்பது அரசாணையால் மறையவும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தமிழக அரசு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் முதலியவற்றில் பயிலும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு ஆண்டிற்கு 2 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் திட்டம் ஒன்றை ஏற்படுத்திற்று. வாளையாற்றுக் கோட்டைக் கடந்து செல்லும் உதவி இது. நம்மிடம் வந்த மாணவர்க்கு இது தெரியாது. அவர் தந்தைக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னால் நமக்கும் அன்று தெரியாது. கேட்டறிந்து விண்ணப்பம் எழுதினோம். ஆனால் அரசுத் தொகை கைக்கு வர மாதங்கள் ஆகும். கட்டணத்திற்கோ பத்து நாட்கள். இந்த இடைவெளியில்தான் ஏழை மாணவரின் கல்வி முறிந்து விழுகின்றது. இதை நிரப்புவதே ஊரின் வேலை.

ஜமாஅத்தார் செய்யத்தக்கது

ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரைத் திருமறை வரையறுத்துள்ளது. ஏழையும் வழிப்போக்கரும் கடனாளியும் அதில் உளர். மார்க்கக் கல்வியில் ஈடுபட்டமையால் பொருளீட்ட இயலாதவர் ஜகாத் பெறலாமென இமாம் நவவி (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். பயனுள்ள உலகியல் கல்வி பயிலும் ஏழை மாணவரையும் இதில் சேர்ப்போர் இக்கால அறிஞருள் பலர். ஹனஃபி சட்டப்படி ஜகாத் பொருளைப் பெறுபவருக்கே உடைமையாக்கிவிட வேண்டும். திருப்பிக் கேட்டல் கூடாது. ஆகவே ஜகாத்தைத் தனியே வைத்து, மிக வறியோர்க்கு முழுதாய்க் கொடுத்துவிடுக. ரமளானில் நூறு கைகளில் நூறு நூறு ரூபாயாய்ச் சிதறுவதில் ஒரு பகுதியேனும் ஒரு மாணவரின் ஓராண்டாக மாறட்டும்.

ஜகாத் அல்லாத நன்கொடைகளைக் கொண்டு ‘கர்ழ் ஹஸன்’ என்னும் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றைத் தனியே அமைக்கலாம். இஸ்லாமிய வளர்ச்சி வங்கி 1983இல் தொடங்கிய கல்வித் திட்டமும் இம்முறையினதே: மாணவர் பெற்றதைப் பின்னர்த் திருப்பிச் செலுத்த, அத்தொகை அதே சமுதாயத்தின் அடுத்த மாணவர்களுக்குச் செல்கின்றது. ஜே. என். டாட்டா 1892இல் ஏற்படுத்திய நிதியும் கடன் முறையில் அமைந்ததுதான். வங்கி வட்டிக்கு அஞ்சிப் படிப்பையே கைவிடும் பிள்ளைகள் நம்மிடையே உளர். அவர்களிடம் வட்டி ஹராம் என்று மட்டும் சொல்லிவிட்டு, மாற்று வழி ஒன்றையும் காட்டாமல் இருப்பது ஆலிம்களுக்கு அழகன்று.

அந்த மாணவரின் தந்தையாரை நாம் நேரில் சென்று கண்டோம். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களின் செய்தியைச் சொன்னோம். ஈரோட்டில் பிறந்த இராமானுஜனின் மடலையும் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், ஜகாத் பணம் வேண்டாம், கடனாகத் தந்தால் பெறலாம், ஆனால் தம் பெயரில் எழுத வேண்டும், மகன் பெயரில் வேண்டாம் என்றார். நாம் மறுத்தோம். அது மகன் பெயரிலேயே இருக்கட்டும். அவர் திருப்பிச் செலுத்தும் நாளில் இன்னொரு பிள்ளையின் பெயர் அதன் கீழே எழுதப்படும் என்றோம். இசைந்தார். நான்கு பேர் சேர்ந்து தந்த தொகை ஒன்பதாம் நாள் கட்டப்பட்டது.

பள்ளிவாசல் அலுவலறையில் அதற்கென நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கின்றோம். அதன் மேலட்டையில் என்ன எழுதுவது என்று முத்தவல்லி கேட்டார். ‘உபகாரச் சம்பளம்’ என்று எழுதச் சொன்னோம். முதற்பக்கத்தில் ஒரே ஒரு பெயர் இருக்கின்றது. மற்ற பக்கங்கள் நிறைவதற்கு வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.